தேறியவருக்கு அடைத்த கதவு: தமிழ்நாட்டுப் பள்ளிப் பொதுத்தேர்வுகளில் மதிப்பெண் கணக்கீடும் மறுவாய்ப்பும்

ஆய்வுச் சுருக்கம்

பள்ளி இறுதித் தேர்வில் குறைந்த மதிப்பெண் பெற்ற மாணவர் அதனை மாற்றிக்கொள்ளும் உரிமை தமிழ்நாட்டில் எவ்வாறு வழங்கப்பட்டது, எவ்வாறு பறிக்கப்பட்டது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தோற்றவருக்கு மறுதேர்வு என்றும் இருந்துவந்துள்ளது. தேறியவர் தம் மதிப்பெண்ணை உயர்த்திக்கொள்ளும் வாய்ப்பே சர்ச்சைக்குள்ளானது. சமத்துவத்தின் பெயரால் அவ்வாய்ப்பு நீக்கப்பட்டபின் அது மறைந்துவிடவில்லை, பள்ளிக்கு வெளியே இடம்பெயர்ந்தது என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: எஸ்.எஸ்.எல்.சி., மேனிலைத் தேர்வு, மேம்பாட்டுத் தேர்வு, கட்-ஆஃப், துணைத்தேர்வு, செட்டிநாடு

முன்னுரை

தமிழ்நாட்டுக் கல்வி வரலாறு பெரும்பாலும் பள்ளிகள், புரவலர்கள், பயிற்றுமொழி ஆகியவற்றின் வரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. மதிப்பெண்ணின் வரலாறு தனியே எழுதப்படுவது அரிது. ஒரு மாணவர் எந்தக் கல்லூரியில் சேர்ந்தார், எந்த வேலைக்குச் சென்றார் என்பதை முடிவுசெய்தது பெரும்பாலும் அந்த எண்ணேயாகும். அந்த எண் எவ்வாறு கணக்கிடப்பட்டது, ஒருமுறை பதிவானபின் அதனைத் திருத்த வழி இருந்ததா என்னும் இரு வினாக்களும் ஒன்றோடொன்று பிணைந்தவை. இவ்வினாக்களைச் செட்டிநாட்டுப் பின்புலத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. கணக்கெழுதுவதைக் குலத்தொழில்போல் பேணிய பகுதி இது. இரட்டைப் பதிவுக் கணக்கில் தவறான பதிவைச் சுரண்டி அழிப்பதில்லை. எதிர்ப்பதிவு இட்டே நேர்செய்வர். பழைய பதிவும் நிற்கும், திருத்தமும் நிற்கும். தேர்வுத்துறையின் ஏடுகள் இந்த நெறியைப் பின்பற்றினவா என்பது சுவையான வினா.

சான்றிதழ் எடையேறிய காலம்

சென்னை மாகாணத்தில் மெட்ரிக்குலேஷன் தேர்வுக்கு மாற்றாக வந்த எஸ்.எஸ்.எல்.சி. பொதுத்தேர்வு 1911ஆம் ஆண்டு முதன்முறையாக நடைபெற்றது. இத்திட்டத்தின் மூலக்கருத்து இன்று பலருக்கும் வியப்பளிக்கக்கூடும். ஒருநாள் எழுதும் தேர்வொன்றே மாணவரை அளந்துவிடக் கூடாது என்பதற்காக, பள்ளியில் அவர் செய்த பணியின் பதிவும் பொதுத்தேர்வு மதிப்பெண்ணும் ஒரே ஏட்டில் இடம்பெற்றன. 'எஸ்.எஸ்.எல்.சி. புத்தகம்' என்று மக்கள் வழக்கில் நிலைத்த பெயர் பொருத்தமானதே. அது ஒற்றைத் தாளன்று, ஏடு. கல்லூரிப் படிப்புக்குத் தகுதியுடையவர் யார் என்பதே முதன்மை வினாவாக இருந்தது. தேர்ச்சி, தோல்வி என்னும் கூர்மையான பிரிவு பிற்காலத்தில்தான் வலுப்பெற்றது.

செட்டிநாட்டில் அக்காலத்தே இந்த ஏட்டுக்கு இருந்த மதிப்பு வரம்புக்குட்பட்டது. பர்மாவிலும் மலேயாவிலும் இருந்த வட்டிக்கடைகளே இளைஞர்க்குரிய பயிற்சிக்களம். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, அடுத்தாளாகி, மேலாளாக உயர்வதற்குப் பள்ளி இறுதி மதிப்பெண் தேவைப்படவில்லை. கடையிலேயே பிழை செய்து கடையிலேயே திருத்திக்கொள்ள முடிந்தது. 1942இல் ஜப்பானியப் படையெடுப்பும், விடுதலைக்குப்பின் பர்மாவில் நிகழ்ந்த நில நாட்டுடைமையும் இந்த வழியை அடைத்தன. வள்ளல் இராம. அழகப்பச் செட்டியார் 1947இல் காரைக்குடியில் கலைக்கல்லூரியையும், 1950இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியையும் நிறுவியது இந்தச் சூழலில்தான். 1953இல் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் திறக்கப்பட்டது. கடை மூடிய ஊரில் கல்லூரி திறந்தபோது, கல்லூரி வாயிலில் கேட்கப்பட்ட மதிப்பெண் புதிய எடை பெற்றது எனலாம்.

மேனிலைக் கல்வியும் கட்-ஆஃப் கணக்கும்

புகுமுக வகுப்பு நீங்கி, 1978ஆம் ஆண்டு மேனிலைக் கல்வி பள்ளிக்குள் வந்தது. முதல் மேனிலைப் பொதுத்தேர்வு 1980 மார்ச்சில் நடைபெற்றது. பாடத்திற்கு 200, மொத்தம் 1200 என்ற அளவு ஒரு தலைமுறையின் நினைவில் பதிந்த எண்ணாயிற்று. ஆனால் தொழிற்கல்விச் சேர்க்கையில் இந்த 1200 நேரடியாகப் பயன்படவில்லை. பொறியியலுக்குக் கணிதம் 100க்கும், இயற்பியல், வேதியியல் தலா 50க்கும் சுருக்கப்பட்டு 200க்குக் கட்-ஆஃப் கணக்கிடப்பட்டது. மருத்துவத்தில் கணிதத்தின் இடத்தை உயிரியல் பெற்றது. நுழைவுத்தேர்வு நடைமுறையில் இருந்த ஆண்டுகளில் அதன் 100 மதிப்பெண்ணும் சேர்ந்து 300 ஆயிற்று.

இக்கணக்கின் விளைவைச் சற்று ஊன்றி நோக்கவேண்டும். கணிதத்தில் 200க்குப் பத்து மதிப்பெண் கூடினால் கட்-ஆஃப் ஐந்து உயரும். இயற்பியலில் அதே பத்து கூடினால் உயர்வு இரண்டரை மட்டுமே. தமிழிலோ ஆங்கிலத்திலோ பத்து கூடினால் உயர்வு ஏதுமில்லை. அரை மதிப்பெண், கால் மதிப்பெண் வேறுபாட்டில் கல்லூரிகள் கைமாறிய காலத்தில், எந்தப் பாடத்தை மீண்டும் எழுதினால் ஆதாயம் என்பது துல்லியமாகக் கணக்கிடக்கூடியதாயிற்று. மேம்பாட்டுத் தேர்வு, அதாவது மக்கள் வழக்கில் 'இம்ப்ரூவ்மென்ட்', செழித்தது இந்த மண்ணில்தான். தேர்ச்சி பெற்றவர் ஓராண்டு காத்திருந்து, சிறப்புப் பயிற்சி பெற்று, மீண்டும் எழுதி உயர்ந்த மதிப்பெண்ணுடன் கலந்தாய்வுக்கு வந்தார். ஓராண்டு வருவாயின்றிக் காத்திருக்கவும் பயிற்சிக் கட்டணம் செலுத்தவும் இயன்ற குடும்பங்களுக்கே இது கைகூடியது. சிற்றூரில் முதன்முறையாக மேனிலைக் கல்வி முடித்த மாணவர் தம் முதல் முயற்சியின் மதிப்பெண்ணோடு அவருடன் போட்டியிட வேண்டியிருந்தது.

2005: ஒரே ஆணையில் இரு நீக்கம்

2005 ஜூன் மாதம் தமிழக அரசு வெளியிட்ட ஆணை நுழைவுத்தேர்வையும் மேம்பாட்டுத் தேர்வு முறையையும் ஒருசேர நீக்க முற்பட்டது. இரண்டுமே வசதியுள்ள நகர்ப்புற மாணவர்க்குச் சார்பானவை என்ற வாதம் அதன் அடிப்படை. நுழைவுத்தேர்வு நீக்கத்தை அதே மாதத்தில் சென்னை உயர் நீதிமன்றம் செல்லாதென்றது. 2006இல் கொண்டுவரப்பட்ட சட்டமும் நிலைக்கவில்லை. பின்னர் மு. அனந்தகிருஷ்ணன் குழுவின் பரிந்துரைப்படி இயற்றப்பட்ட சட்டம் 2007 மார்ச்சில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது; அடுத்த மாதம் உயர் நீதிமன்றமும் அதனை ஏற்றது. வெவ்வேறு வாரியங்களின் மதிப்பெண்ணைச் சமப்படுத்தும் முறையையும் அச்சட்டம் வகுத்தது. மாநில வாரியத்தில் ஒரு பாடத்தின் உச்ச மதிப்பெண் 100, பிற வாரியத்தில் 90 எனில், அவ்வாரியத்தில் 60 பெற்றவரின் மதிப்பெண் 66.66 எனக் கொள்ளப்படும்.

நுழைவுத்தேர்வின் வழக்குகள் இத்தனை பேசப்பட்டபோது, மேம்பாட்டுத் தேர்வின் மறைவு பேசப்படாமலே போயிற்று. அது மீண்டும் வரவில்லை. இதன் பின்விளைவு ஒரு முரண். ஒரு பாடத்தில் 34 பெற்ற மாணவர் தோல்வியுற்றவர். ஜூன், ஜூலையில் துணைத்தேர்வு எழுதி 80 பெறலாம், பொறியியல் துணைக் கலந்தாய்விலும் பங்கேற்கலாம். அதே பாடத்தில் 35 பெற்றவர் தேர்ச்சி பெற்றவர். ஆகவே அந்த 35 அவருக்கு நிரந்தரம். மறுகூட்டலும் மறுமதிப்பீடும் அவருக்கு உண்டு, ஆனால் அவை திருத்தியவரின் பிழையைச் சரிசெய்வன. மாணவர் தம் குறையைச் சரிசெய்ய அவற்றில் இடமில்லை. முதற்சுற்றுக் கலந்தாய்வை 34 பெற்றவர் இழக்கிறார் என்பது உண்மையே. எனினும் ஒரு மதிப்பெண் குறைந்தவருக்குத் திறந்த கதவு ஒரு மதிப்பெண் கூடியவருக்கு அடைக்கப்பட்டதை எந்த நீதிக்கொள்கையாலும் விளக்க இயலாது. 2005இன் நோக்கம் பழுதுடையதென்று கருதவில்லை. செலவைச் சமப்படுத்துவதற்கு மாற்றாக வாய்ப்பையே நீக்கியதுதான் பிழை.

நீக்கப்பட்டது எங்கே சென்றது

இதற்கான விடையை மருத்துவச் சேர்க்கை தருகிறது. நீட் தேர்வு நடைமுறைக்கு வந்தபின் மேனிலை மதிப்பெண் சேர்க்கையில் பொருளிழந்தது. தேர்ச்சி பெற்றவர் எத்தனை முறையும் நீட் எழுதலாம். நீதிபதி ஏ.கே. இராஜன் குழுவின் 2021ஆம் ஆண்டு அறிக்கை இங்குக் கருதத்தக்கது. மருத்துவப் படிப்புக்கு விண்ணப்பித்தவருள் மறுமுறை முயல்வோர் 2016–17இல் 12.47 விழுக்காடாக இருந்தனர், 2020–21இல் 71.42 விழுக்காடாயினர். பள்ளித் தேர்வில் நீக்கப்பட்ட மேம்பாட்டு முறை, பன்மடங்கு பெரிதாகித் தனியார் பயிற்சி மையங்களில் வாழ்கிறது என்றே இவ்வெண்களை வாசிக்க வேண்டியுள்ளது. அரசுப் பள்ளியில் மார்ச் மாதம் நுழைவுக் கட்டணமளவில் முடிந்திருக்கக்கூடிய ஒன்றுக்கு இன்று ஓராண்டுப் பயிற்சிக் கட்டணம் தேவைப்படுகிறது.

தொற்றுக்காலக் கணக்குகள்

தேர்வே நடவாத இரு ஆண்டுகள் மதிப்பெண்ணின் தன்மையை வெளிக்காட்டின. 2020இல் பத்தாம் வகுப்புக்குக் காலாண்டு, அரையாண்டுத் தேர்வுகளிலிருந்து 80 விழுக்காடும் வருகைப் பதிவிலிருந்து 20 விழுக்காடும் எடுக்கப்பட்டன. பள்ளிப் பதிவேட்டை நம்பிய 1911ஆம் ஆண்டின் எண்ணம் நெருக்கடியால் மீண்டது. 2021இல் மேனிலை மாணவர்க்குப் பத்தாம் வகுப்பில் உயர்ந்த மூன்று பாடங்களின் சராசரியிலிருந்து 50, பதினொன்றாம் வகுப்பு எழுத்துத் தேர்விலிருந்து 20, பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறை மற்றும் அகமதிப்பீட்டிலிருந்து 30 என வகுக்கப்பட்டது. எடுத்துக்காட்டாக, மூன்று பாடச் சராசரி 80 எனில் அதன் பங்கு 40; பதினொன்றாம் வகுப்பு இயற்பியலில் 70க்கு 49 எனில் 14; செய்முறையும் அகமதிப்பீடும் 28; ஆக இயற்பியல் 82. அந்த 82இன் ஏறத்தாழப் பாதி, மாணவர் பத்தாம் வகுப்பில் எழுதிய தமிழிலிருந்தும் சமூக அறிவியலிலிருந்தும் வந்திருக்கலாம். குறைந்த இரு பாடங்கள் கேள்வியின்றிக் கழிக்கப்பட்டன என்பதும் நோக்கத்தக்கது. தேறியவர் தம் மோசமான மதிப்பெண்ணை மாற்றக்கூடாதென்ற கொள்கை, அரசுக்குத் தேவைப்பட்டபோது தளர்ந்தது.

இந்த மதிப்பெண் போதாதெனக் கருதியவர் பின்னர் நடைபெறும் தேர்வை எழுதலாம், ஆனால் அதில் பெறுவதே இறுதி என்றும் அறிவிக்கப்பட்டது. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் அவ்வாண்டு இதே நிபந்தனையை விதித்தது. அதனால் மதிப்பெண் குறைந்த மாணவர்கள் உச்ச நீதிமன்றத்தை நாடினர். 2022 ஜனவரியில் நீதிமன்றம் அந்நிபந்தனையை நீக்கி, இரு மதிப்பெண்களில் உயர்ந்ததை மாணவர் ஏற்கலாம் என்றது. கடைசி மதிப்பெண்ணா, உயர்ந்த மதிப்பெண்ணா என்பது சிறு நுணுக்கமாகத் தோன்றலாம். கடைசியே நிற்குமென்றால் மறுதேர்வு ஒரு பந்தயம். இழக்க அஞ்சுவோர் அதில் இறங்கார். உயர்ந்ததே நிற்குமென்றால் அது வாய்ப்பு.

இன்றைய நிலை

2017ஆம் ஆண்டு அரசாணைகளால் மேனிலை மொத்தம் 600 ஆனது, தரவரிசை அறிவிப்பு நின்றது, பதினொன்றாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வந்தது. இரண்டு ஆண்டு மதிப்பெண்ணையும் சேர்க்கைக்குக் கொள்ளும் திட்டம் 2018இல் கைவிடப்பட்டது. 2025 மாநிலக் கல்விக் கொள்கை பதினொன்றாம் வகுப்புப் பொதுத்தேர்வையே நீக்கியது. சீர்திருத்தங்கள் இத்தனை நிகழ்ந்தும் 35க்கும் 34க்கும் இடைப்பட்ட முரண் தொடப்படவில்லை. மத்திய வாரியமோ 2026 முதல் பத்தாம் வகுப்புக்கு இரு தேர்வுகளை நடத்தி, மூன்று பாடங்கள் வரை மீண்டும் எழுதவும் உயர்ந்ததை வைத்துக்கொள்ளவும் இசைகிறது. காரைக்குடி கேந்திரிய வித்யாலயாவில் பயிலும் மாணவர் கணிதத்தில் 36 பெற்றால் அதே ஆண்டில் மீண்டும் எழுதலாம். அதே ஊரின் அரசுப் பள்ளியில் 36 பெற்ற மாணவர் அந்த எண்ணுடன்தான் அடுத்த வகுப்புச் சேர்க்கைக்கு வரிசையில் நிற்கவேண்டும்.