கடிதம் பிரித்த அரசும் குடிமை உரிமையும்: சிங்காரவேலர் வழக்கு முதல் 2025 தீர்ப்பு வரை

ஆய்வுச் சுருக்கம்

குடிமக்களின் கடிதங்களையும் உரையாடல்களையும் இடைமறிக்கும் அதிகாரம் இந்திய அரசுக்குக் காலனியச் சட்டங்களின் வழி வந்ததாகும். 1924ஆம் ஆண்டின் கான்பூர் சதி வழக்கில் சென்னைத் தொழிலாளர் தலைவர் ம. சிங்காரவேலர் சேர்க்கப்பட்டதையும், தொலைபேசி ஒட்டுக்கேட்பு குறித்துச் சென்னை உயர்நீதிமன்றம் 2025இல் வழங்கிய தீர்ப்பையும் இக்கட்டுரை இணைத்து நோக்குகிறது. ஆபத்து நேர்ந்துள்ளதா என முடிவுசெய்பவர் யார் என்பதே இவ்வரலாற்றின் மையச் சிக்கல் என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வடசென்னை, சிங்காரவேலர், கான்பூர் சதி வழக்கு, கண்காணிப்பு, அந்தரங்க உரிமை.

முன்னுரை

சென்னை உயர்நீதிமன்றத்தின் எதிர்ப்புறம் துறைமுகம் உள்ளது. அதற்கு வடக்கே இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் எனத் தொழிற்பகுதி நீள்கிறது. இராயபுரம் இரயில் நிலையம் 1856இல் திறக்கப்பட்டது. கப்பல் சரக்கும் இருப்புப்பாதையும் கூலி உழைப்பும் ஒன்றுகூடிய இடம் இது. 1923 மே 1 அன்று சிங்காரவேலர் நடத்திய மே நாள் கூட்டங்களுள் ஒன்று உயர்நீதிமன்றத்திற்கு எதிரேயுள்ள கடற்கரையிலும் மற்றொன்று திருவல்லிக்கேணிக் கடற்கரையிலும் நடைபெற்றன. அடுத்த ஆண்டே அவர் சதி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டார்.

அஞ்சலும் துறைமுகமும்

கருத்துகள் நாட்டிற்குள் நுழையும் வழிகளை அரசு இரு நிலைகளில் காத்தது. 1878ஆம் ஆண்டின் கடல் சுங்கச் சட்டம் துறைமுகத்தில் நூல்களையும் இதழ்களையும் தடுக்க உதவியது. எம்.என். ராயின் வெளியீடுகள் இச்சட்டத்தின்கீழ் தடைசெய்யப்பட்டன. 1898ஆம் ஆண்டின் இந்திய அஞ்சல் அலுவலகச் சட்டம், 26ஆம் பிரிவு, பொது நெருக்கடியின்போதோ பொதுப் பாதுகாப்பு, அமைதி ஆகியவற்றின் பொருட்டோ அஞ்சல்களை இடைமறிக்க இடமளித்தது. அத்தகைய சூழல் இருந்ததா என்ற ஐயம் எழுந்தால் அரசின் சான்றிதழே முடிவான சான்றாகும் என்றும் அப்பிரிவு கூறியது. இதனால், இடைமறிக்கும் தரப்பே அதன் தேவையையும் உறுதிசெய்தது. நீதிமன்றம் அதனை வினவ வழியில்லை.

கான்பூர் வழக்கின் அடிப்படை இத்தகைய கடிதங்களே. அன்றைய உளவுத்துறை இயக்குநர் சிசில் கேயின் துறை அவற்றைப் பிரித்துப் படியெடுத்து, மீண்டும் உரியவர்களுக்கு அனுப்பியது. கடிதப் போக்குவரத்து நிற்காமல் சான்று பெருகியது. எண்மர்மீது இந்தியத் தண்டனைச் சட்டம் 121-ஏ பிரிவின்கீழ் வழக்குத் தொடரப்பட்டது. நால்வருக்கு 1924 மே மாதத்தில் நான்காண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அறுபது வயதைக் கடந்த சிங்காரவேலர் உடல்நலக் குறைவால் விசாரணையில் நிறுத்தப்படவில்லை. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் வாழ்ந்த ஆர்.எல். சர்மாவைப் பிரித்தானிய அரசால் கைதுசெய்ய இயலவில்லை.

விடுதலைக்குப் பின்

விடுதலைக்குப் பின்னரும் இச்சட்டச் சொற்கள் தொடர்ந்தன. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம் 1972இல் திருத்தப்பட்டு, இடைமறிப்புக்கான காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும் என்றானது. ஆயினும் ‘பொது நெருக்கடி’, ‘பொதுப் பாதுகாப்பு’ என்னும் தொடர்கள் நீடித்தன. 1986இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய அஞ்சல் திருத்த மசோதாவிற்குக் குடியரசுத் தலைவர் ஜெயில் சிங் ஒப்புதல் அளிக்கவில்லை. மக்கள் குடிமை உரிமைக் கழக வழக்கில் (1996) உச்சநீதிமன்றம், அத்தகைய சூழல் பொது அறிவுடைய எவருக்கும் புலப்படுவதாக இருக்க வேண்டும் என்றது. மறுஆய்வுக் குழுவையும் வலியுறுத்தியது. 2017இல் ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தரங்கத்தை அடிப்படை உரிமையாக அறிவித்தது.

2025 ஜூலை 2 அன்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், இலஞ்ச வழக்கொன்றில் 2011இல் பிறப்பிக்கப்பட்ட ஒட்டுக்கேட்பு ஆணையை இரத்துசெய்தார். இரகசியமாகக் குற்றத்தைக் கண்டறிவது பொது நெருக்கடியாகாது என்பதும் பதிவுகள் மறுஆய்வுக் குழுவின்முன் வைக்கப்படவில்லை என்பதும் அவர் காட்டிய காரணங்கள். ஊழலும் பொதுப் பாதுகாப்பைப் பாதிக்கும் என்ற வாதம் புறக்கணிக்கத்தக்கதன்று. அதே ஆண்டில் தில்லி உயர்நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்றது. எனினும் பொதுப் பாதுகாப்பின் எல்லையை அரசே விரிக்க இயலுமாயின், 1898ஆம் ஆண்டின் முடிவான சான்றிதழ் வேறு வடிவில் மீளும். 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்திலும் அதே தொடர்கள் இடம்பெற்றிருப்பதால் இவ்வினா இன்றும் உயிருடன் உள்ளது.

சான்றாகும் கோப்பு

ஆய்வாளருக்கு இதில் ஒரு முறையியல் சிக்கலும் உண்டு. தொடக்ககாலப் பொதுவுடைமையரின் கடிதங்களுள் பல, அவற்றைப் பிரித்தவர்களின் கோப்புகள் வழியாகவே நமக்குக் கிடைக்கின்றன. தமிழ்நாடு ஆவணக்காப்பகத்தின் இரகசியக் கோப்புகளும் அரசின் அச்சத்தைக் கொண்டே தொழிலாளரைப் பதிவுசெய்கின்றன. எனவே அவற்றிலுள்ள ‘சதி’ என்னும் சொல்லை நிகழ்வின் பெயராகக் கொள்ளாமல், எழுதியவரின் தீர்மானமாகவே கொள்ளுதல் வேண்டும்.

முடிவுரை

1924இல் அரசின் சொல்லே ஆபத்திற்குச் சான்றாயிற்று. 2025இல் நீதிமன்றம் அச்சொல்லைச் சோதித்தது. 1923இல் மே நாள் கூட்டம் நிகழ்ந்த கடற்கரைக்கு எதிரேயுள்ள அதே நீதிமன்றமே இதனைச் செய்தது என்பது வடசென்னை வரலாற்றில் கருதத்தக்கது. ஆனால் அச்சோதனை பதினான்கு ஆண்டுகள் கழித்தே நிகழ்ந்தது. தாம் ஒட்டுக்கேட்கப்படுவதை அறியாதவர் நீதிமன்றத்தை அணுகவும் இயலாது. ஆகவே ஆணை பிறப்பிக்கும் நிலையிலேயே அரசுசாராத் தற்சார்பான ஆய்வு தேவை என்பது இவ்வரலாறு உணர்த்தும் முடிவாகும்.