ஹிர்டா: ஒரு தீவுக் கிராமத்தின் மக்கள்தொகை

ஹிர்டா, ஸ்காட்லாந்தின் செயின்ட் கில்டா தீவுக்கூட்டத்தில் பெரியது. வட உயிஸ்ட் தீவுக்கு மேற்கே அட்லாண்டிக் கடலில் ஏறத்தாழ 64 கி.மீ. தொலைவில் உள்ளது. தீவில் இருந்தது ஒரே ஊர். 1930இல் அது காலியானது.

1697இல் இங்கு வந்த மார்ட்டின் மார்ட்டின் சுமார் 180 பேர் வாழ்ந்ததாக எழுதினார். பின்னாளில் ஊர் அந்த அளவை எட்டவே இல்லை. ஆடு வளர்ப்பும் சிறிது பார்லியும் இருந்தாலும், வயிற்றை நிரப்பியவை செங்குத்துப் பாறைகளில் கயிற்றில் தொங்கிப் பிடித்த கடற்பறவைகள். குத்தகையாகப் போனதும் பெரும்பாலும் இறகுதான். ஆகவே இவ்வூரைப் பொறுத்தவரை மொத்தத் தலைக்கணக்கைவிட, கயிறும் துடுப்பும் பிடிக்கும் ஆட்களின் கணக்கே முக்கியம்.

1727இல் அது வெளிப்படையாகவே தெரிந்தது. ஹாரிஸ் தீவில் பெரியம்மையால் இறந்த ஊர்க்காரர் ஒருவரின் துணிகளோடு நோயும் வந்து சேர்ந்ததாகச் சொல்வர். அந்த ஆகஸ்டில் 3 ஆண்களும் 8 சிறுவர்களும் பறவை பிடிக்க ஸ்டாக் அன் ஆர்மின் என்ற பாறைத்தீவில் இறக்கிவிடப்பட்டிருந்தனர். அவர்களைத் திரும்ப அழைத்துவரப் படகு செலுத்த ஊரில் ஆள் மிஞ்சவில்லை. மறு ஆண்டு மே வரை அங்கேயே பிழைத்துக் கிடந்தார்கள். பிறகு நிலவுடைமையாளரான மக்லியோட் பிற தீவுகளிலிருந்து குடும்பங்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார். 1764இல் 90 பேர். 1851இல் 110 பேர்.

1852இல் 36 பேர் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். அவர்களில் பலர் வழியிலேயே இறந்தனர். எஞ்சிய ஊர் மீளாமல் போனதற்குப் பச்சிளங் குழந்தைகளின் இரணஜன்னி ஒரு பெருங்காரணம். "எட்டு நாள் நோய்" என்றழைக்கப்பட்ட இது, 19ஆம் நூற்றாண்டில் பிறந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோரைக் கொண்டுபோனது. தொப்புளில் பறவை எண்ணெய் தடவியதால் வந்தது என்ற விளக்கம் பிரபலம், ஆனால் நிறுவப்படவில்லை. 1890களில் போதகர் ஆங்கஸ் ஃபிடெஸ் பிரசவத்தில் கிருமிநீக்க முறையைக் கொண்டுவந்தபின் நோய் மறைந்தது. ஆனால் அதற்குள் சுற்றுலாக் கப்பல்கள் வரத் தொடங்கிவிட்டன. வெளியூர்ப் பணமும் வெளியூர் ஆசையும் சேர்ந்தே வந்தன. முதல் உலகப்போரில் கடற்படைப் பிரிவொன்று தங்கிப்போனபின் இளைஞர்கள் ஒவ்வொருவராய் வெளியேறினர். 1921இல் 73 ஆக இருந்த ஊர் பத்தே ஆண்டில் பாதியானது.

1930 மே மாதம் ஊரார் அரசுக்கு மனு எழுதினர்: மேலும் சில ஆண்கள் வேலை தேடிப் போக முடிவெடுத்துவிட்டார்கள், இனி மிஞ்சியவர்களால் காலம் தள்ள முடியாது. ஆகஸ்ட் 29 அன்று ஹேர்பெல் என்ற போர்க்கப்பல் அவர்களை ஏற்றிச் சென்றது. அன்றும் எண்ணிக்கை, தற்செயலாக, 36தான். ஆண்கள் சிலருக்கு ஸ்காட்லாந்துப் பெருநிலத்தின் மார்வெர்ன் பகுதியில் வனத்துறை வேலை கிடைத்தது. மரமே இல்லாத தீவிலிருந்து வந்தவர்களுக்கு!

1957இல் ராணுவ ரேடார் தளம் அமைந்தது முதல் பணியாளர்கள் முறைவைத்துத் தங்குகின்றனர். குடும்பமாய்க் குடியேறியவர் எவருமில்லை.