கொக்கிளாய்க் கறுப்பு மணலும் அதை அளந்தவர்களும்

புதுக்குடியிருப்பிலிருந்து முல்லைத்தீவு வந்து, அளம்பில், செம்மலை, நாயாறு என்று கரையோரமாகத் தெற்கே போனால் கொக்கிளாய். களப்பின் வாயைத் தாண்டினால் திருகோணமலை மாவட்டத்துப் புல்மோட்டை. இந்தக் கரையில் மணல் கறுத்துக் கிடக்கும். அந்தக் கறுப்பு இல்மனைற் என்ற கனிமத்தின் நிறம். றூட்டைலும் சிர்க்கோனும் அதோடு கலந்திருக்கின்றன. உள்நாட்டுப் பாறைகள் சிதைந்து ஆற்றோடு கடலுக்கு வந்த மணிகள் இவை. இலேசான வெண்மணலை அலை இழுத்துப்போக, கனமானவை கரையில் தங்கிவிட்டன.

இலங்கையில் இத்தகைய மணிகளை முறையாகத் தேடும் பணிக்கு முதலில் தலைமை தாங்கியவர் ஒரு தமிழரின் மகன். கலை வரலாற்றாசிரியராக உலகறிந்த ஆனந்த குமாரசுவாமிதான் 1903 முதல் 1906 வரை கனிமவியல் அளவையின் பணிப்பாளர். அவர் காலத்தில் ஓடைச் சரளையில் கிடைத்த கறுப்புப் படிகங்கள் லண்டனில் பகுத்தாயப்பட்டு, 1904இல் தோரியனைற் என்ற புதிய கனிமமாக அறிவிக்கப்பட்டன.

பணிப்பாளர்களின் பெயர்கள் நிலைத்தன. வெயிலில் மணல் அள்ளிய தொழில்நுட்பவியலாளர்களின் பெயர்களைத் தேடித்தான் பார்க்கவேண்டும். கரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு புள்ளியிலும் கைத்துளைப்பானை இறக்கி, ஆழவாரியாக மணல் எடுத்து, பையில் இலக்கமிடுவது அவர்கள் வேலை. ஆய்வுகூடத்தில் உப்பைக் கழுவி, உலர்த்தி, புரோமோஃபோர்ம் திரவத்தில் இட்டால் குவார்ட்ஸ் மிதக்கும், கனமணிகள் அடியில் படியும். படிந்ததில் இல்மனைற்றைக் காந்தம் இழுக்கும். மின்சாரத்தைக் கடத்தும் றூட்டைலும் கடத்தாத சிர்க்கோனும் மின்புலத்தில் பிரியும். எஞ்சியதை நுண்ணோக்கியில் மணி மணியாக எண்ணவேண்டும். ஒரு பையில் இலக்கம் மாறினாலே வரைபடம் பொய்யாகிவிடும். இவ்வளவு பொறுமை கேட்கும் தொழிலுக்கு நம் சரித்திர நூல்களில் ஒரு பக்கமும் இல்லாதது பெரிய குறை.

1957இல் கனிய மணல் கூட்டுத்தாபனம் உருவானது; புல்மோட்டை இல்மனைற் கப்பலேறியது. பிறகு யுத்தம். 1984 இறுதியில் கொக்கிளாய் மக்களும் பக்கத்து ஊரான கொக்குத்தொடுவாய் மக்களும் ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள். 1997இல் புல்மோட்டைக் கடலில் இல்மனைற் ஏற்ற வந்த ‘கோர்டியாலிட்டி’ கப்பல் விடுதலைப் புலிகளின் தாக்குதலில் மூழ்கியது.

யுத்தம் முடிந்து கொக்கிளாய்க்குத் திரும்பியவர்கள், தங்கள் கரையிலும் மணல் அகழ எடுக்கப்பட்ட முயற்சியை எதிர்த்தார்கள். கரைவலை இழுக்கும் இடமும் வாடியும் போய்விட்டால் அவர்களுக்கு வேறு தொழில் ஏது? அந்த எதிர்ப்பு நியாயமானது. இத்தனை ஆண்டுகளாகப் பெரும்பாலும் மூலப்பொருளாகவே விற்கப்படும் மணலால் இந்த ஊர்களுக்குக் கிடைத்தது மிகக் குறைவு. இனி அகழ்வதானால் முதலில் ஊரின் சம்மதம் வேண்டும். துளைப்பானைப் பிடிக்கவும் ஆய்வுகூடத்தில் மணிகளை எண்ணவும் புதுக்குடியிருப்பு, கொக்கிளாய்ப் பிள்ளைகளுக்கே பயிற்சி கொடுக்கவேண்டும்.