சம்பளப் பேரேட்டில் ஒரு மூதாதை

பழவேற்காட்டின் டச்சுக் கல்லறைத் தோட்டத்து நுழைவாயிலில் கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் காவல் நிற்க, உள்ளே குலச்சின்னமும் நீண்ட வாசகமும் பொறித்த பலகைகளின் கீழ் உறங்குவோர் பெரும்பாலும் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரிகளும் வணிகர்களும் அவர்தம் குடும்பத்தாருமே ஆவர். அவ்வூரில் 1613இல் எழுந்த கெல்டிரியா கோட்டையில் காவல் நின்ற சாதாரணச் சிப்பாய்க்கோ, முகத்துவாரத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பலின் மாலுமிக்கோ அத்தகைய கல் அரிதாகவே வாய்த்தது. ஆயினும், அவர்களுள் பலரின் வாழ்க்கையை இன்று தேடிக் கண்டடைய முடிகிறது என்றால், அதற்குக் காரணம் கம்பெனியின் கணக்குப்பிள்ளைகளே.

இக்கம்பெனியில் சேர்ந்தோருள் ஜெர்மானியரும் ஸ்காண்டிநேவியரும் ஏராளம். 1809 வரை சுவீடன் அரசின் பகுதியாக இருந்த ஃபின்லாந்தின் துறைமுக ஊர்களிலிருந்து வந்தவர்களும் அவர்களிடையே இருந்தனர். கப்பல்தோறும் வைக்கப்பட்ட சம்பளப் பேரேட்டில் ஆளுக்கொரு கணக்கு ஒதுக்கப்பட்டு, பெயர், சொந்த ஊர், பதவி, வாங்கிய முன்பணம், ஊரிலுள்ள மனைவிக்கோ பெற்றோருக்கோ ஒதுக்கிய தொகை ஆகியவற்றோடு, அவர் திரும்பினாரா, இறந்தாரா, ஓடிப்போனாரா என்ற முடிவும் குறிக்கப்பட்டது. பெரும்பாலும் 1700ஐ ஒட்டிய ஆண்டுகளிலிருந்தே எஞ்சியுள்ள இப்பேரேடுகள் நெதர்லாந்தின் ஹேக் நகரத் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. சோழமண்டலக் கரையின் டச்சுத் தலைமையகம் 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறிவிட்டதால், பழவேற்காடு செழித்திருந்த காலத்துச் சிப்பாயைவிட அதற்குப் பிந்தியவரைத் தேடுவதே எளிது.

தேடுவோரை முதலில் குழப்புவது பெயர்தான். ஃபின்னிய மொழியில் யுஹானி மத்தின்போய்க்கா, அதாவது மத்தியின் மகன் யுஹானி, எனப்படக்கூடிய ஒருவர் சுவீடிய மொழிப் பதிவில் யோஹான் மாட்சன் ஆகவும், டச்சுக் கணக்கில் யான் மத்தெய்ஸ் ஆகவும் உருமாறிவிடுவார். தந்தை பெயரை முதலெழுத்தாகச் சுமக்கும் தமிழருக்கு இம்முறை புதிதன்று. ஊர்ப்பெயரும் அவ்வாறே மாறியிருக்கும். ஃபின்லாந்தின் துர்க்கு நகரத்தை ஓபு என்ற சுவீடியப் பெயரால் தேட வேண்டும். ஊரை உறுதிசெய்தபின், 1686ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின்படி போதகர்கள் வீடுவாரியாக எழுதிவந்த நற்கருணைப் பதிவேட்டில் அக்குடும்பத்தைத் தேடலாம். 1827இல் துர்க்கு நகரை எரித்த பெருந்தீ பல ஆவணங்களை அழித்தபோதிலும், பிற ஊர்த் தேவாலயங்களில் இருந்த ஏடுகள் தப்பின.

பழவேற்காட்டின் பட்டினவர் எனும் மீனவர் குப்பங்களிலும் வம்சத்தைக் காக்கும் கணக்கு ஒன்று உண்டு. ஏரியின் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பகிரும் 'பாடு' வழக்கத்தில், பங்கு பெறும் குடும்பத் தலைவர் 'தலைக்கட்டு' எனப்படுகிறார். அவ்வுரிமை தந்தைவழி இறங்குவதால், பாட்டில் பங்கு கோருவோர் இன்னார் மகன் என்று ஊரறிய வேண்டியிருக்கிறது. ஃபின்னிய மாலுமிக்குச் சம்பளப் பாக்கியும் பட்டினவருக்கு ஏரிப் பங்கும் பெயரைக் காத்துத் தந்தன. இதே கரையிலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் கம்பெனிக் கப்பல்களில் அதன் ஆசியத் தலைமையகமான பத்தாவியாவுக்கு அடிமைகளாக ஏற்றப்பட்ட ஆயிரக்கணக்கானோருக்கோ சம்பளமும் இல்லை, பங்கும் இல்லை. ஆகவே சரக்குக் கணக்கில் அவர்கள் பெரும்பாலும் தலை எண்ணிக்கையாக மட்டுமே நிற்கின்றனர்.