பெதஸ்தா: இரக்கத்தின் வீடா, நீர் சொரியும் இடமா?

அரக்கோணத்திலிருந்து காட்பாடி வழியாக ஜோலார்பேட்டைக்குப் போகும் ரயில் பாதையில் இருக்கிறது ஆம்பூர். தோல் தொழிலால் பேர்பெற்ற அவ்வூரில், அமெரிக்காவிலிருந்து வந்த மிசௌரி லுத்தரன் மிஷன் சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்கிய மருத்துவமனையின் பெயர் பெதஸ்தா. முப்பத்தெட்டு ஆண்டுகள் நோயுற்றுக் கிடந்தவன் குணமான எருசலேம் குளத்தின் பெயர் அது. யோவான் ஐந்தாம் அதிகாரத்தில் மட்டுமே வருகிறது. 'இரக்கத்தின் வீடு' என்று அதற்குப் பொருள் சொல்வது திருச்சபைகளில் வழக்கம். மருத்துவமனைக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. ஆனால், குளத்துக்குப் பெயர் வைத்தவர்கள் எண்ணியதும் அதுதானா?

முதல் சிக்கல் பெயரின் வடிவத்திலேயே இருக்கிறது. தமிழ்ப் பழைய மொழிபெயர்ப்பில் பெதஸ்தா; 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பில் பெத்சதா. இது எழுத்துப்பெயர்ப்பில் வந்த வேறுபாடன்று. மூலமான கிரேக்கக் கையெழுத்துப் படிகளே முரண்படுகின்றன. நான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த சினாய்ப் படி பெத்சாதா என்கிறது. அதே நூற்றாண்டின் வத்திக்கான் படி பெத்சாயிதா என்கிறது. பிற்காலப் படிகளில் பெரும்பாலானவை பெதஸ்தா என்கின்றன. பெத்சாயிதாவை எளிதில் ஒதுக்கிவிடலாம். கலிலேயாவில் இருந்த, எல்லாரும் அறிந்த ஊரின் பெயர், எழுதியவர் கையில் இங்கே நுழைந்திருக்கிறது.

எஞ்சிய இரண்டில் பெத்சாதாவையே இன்றைய அறிஞர் பதிப்புகள் ஏற்கின்றன. புதிய ஏற்பாட்டுப் பாட ஆய்வாளர் புரூஸ் மெட்ஸ்கர் சொல்லும் காரணம் வலுவானது: இரக்கத்தின் வீடு என்ற பொருள் பிரசங்கத்துக்கு இனிப்பது, அந்த இனிமைக்காகவே எழுத்தர்கள் பெயரைத் திருத்தியிருக்கலாம். அழகான பொருள் தரும் பாடத்தை ஐயத்தோடு பார்க்க வேண்டும் என்பது நல்ல நெறிதான். நம் அரக்கோணத்துக்கே அறுகோணம் என்று விளக்கம் சொல்வதுண்டு. எட்டுத்தொகை, பத்துப்பாட்டு என எட்டுக்கும் பத்துக்கும் பின் வல்லினம் மிகும். ஆறுக்குப் பின் மிகாது. அப்படியிருக்க அரக்கோணத்தில் 'க்' எங்கிருந்து வந்தது என்பதற்கு அந்த விளக்கத்தில் விடையில்லை. கேட்பவருக்குப் புரியும் பொருள் வேறு, பெயரின் பிறப்பு வேறு.

ஆயினும் பெதஸ்தா விஷயத்தில் மெட்ஸ்கரின் முடிவை நான் ஏற்கவில்லை. 1952இல் சாக்கடல் ஓரத்துக் கும்ரான் மூன்றாம் குகையில் கிடைத்த செப்புச் சுருள், புதையல் ஒளித்த இடங்களைப் பட்டியலிடுகிறது. அதில் ஓரிடத்தை 'பேத் எஷ்தாத்தயின்' என்று சுருளாய்வாளர் மிலிக் படித்து 1962இல் வெளியிட்டார். செம்பில் வெட்டிய எழுத்துகள் ஒன்றோடொன்று மயங்குவதால் வேறு விதமாகப் படிப்போரும் உண்டு. மிலிக்கின் பாடம் சரியானால் இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. ஒன்று, இது 'சொரிதல்' என்னும் பொருளுள்ள வேரிலிருந்து வந்த பெயர். இரக்கத்துக்கு இங்கே வேலையில்லை. மற்றொன்று, பெயர் இருமையில் நிற்கிறது: நீர் சொரியும் இரட்டை இடம்.

இருமைக்கு மண்ணுக்கடியிலும் சான்று உண்டு. எருசலேமில் புனித அன்னாள் ஆலயத்தை ஒட்டி அகழ்ந்தபோது வெளிப்பட்டவை, நடுவே கனத்த சுவரால் பிரிக்கப்பட்ட இரண்டு பெரிய நீர்த்தேக்கங்கள். நான்கு பக்கமும் நான்கு மண்டபம், நடுச்சுவரின் மேல் ஒன்று என்று கொண்டால் யோவான் சொல்லும் ஐந்து மண்டபங்களுக்குக் கணக்குச் சரியாகிறது. 333இல் போர்தோவிலிருந்து வந்த யாத்திரிகரும் அங்கே இரட்டைக் குளங்களைக் குறித்திருக்கிறார்.

அப்படியானால் 'இரக்கம்' எப்படி வந்தது? அரமேயத்தில் இரக்கத்தைக் குறிக்கும் 'ஹெஸ்தா' ஹேத் என்ற தொண்டை எழுத்தில் தொடங்குகிறது. சொரிதலைக் குறிக்கும் 'எஷ்தா' ஆலெப்பில் தொடங்குகிறது. இரண்டுக்கும் கிரேக்கத்தில் தனி எழுத்தில்லை. 'ஷ்' ஒலிக்கும் இல்லை. எனவே இரண்டு சொற்களும் கிரேக்க எழுத்தில் பெதஸ்தா என்றே முடியும். அந்த வடிவத்தைத் திரும்பத் தம் மொழிக்குக் கொண்டுவந்த சிரியாக்கு மொழிபெயர்ப்பாளர்கள் ஹேத் போட்டு எழுதினார்கள். சிரியாக்கு விவிலியமான பெஷித்தாவில் இருப்பது 'பேத் ஹெஸ்தா'. பொருள் அங்கே நிலைபெற்றது. எழுத்தர் திருத்தம் இல்லாமலே பெதஸ்தா என்ற வடிவம் தோன்ற வழி இருந்ததால், மெட்ஸ்கரின் ஐயம் அந்த வடிவத்தைத் தொடவில்லை; அதற்குத் தந்த பொருளைத்தான் தொடுகிறது. பெத்சாதாவோ, கோயிலுக்கு வடக்கே இருந்த பெசேதா என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் ஜோசிபஸ் குறிப்பிடும் குடியிருப்பின் பெயர் குளத்தின் மேல் ஏறியதாகவே எனக்குப் படுகிறது.

ஆகவே வடிவத்தில் பழைய தமிழ் மொழிபெயர்ப்பு காத்த பெதஸ்தாவே மூலத்துக்கு நெருக்கமானது. பொருளில் நீர் சொரியும் இடம் என்பதே முந்தியது. இரக்கம் என்பது பின்னால் வந்த பொருளாயினும் பொய்ப்பொருள் அன்று. அந்தக் கதையைக் கேட்டவர்கள் அதிலிருந்து பெற்றது அது. அதை நம்பி ஒரு மருத்துவமனையே எழுந்திருக்கிறது. இனி வரும் தமிழ் விவிலியப் பதிப்புகள் இவ்விடத்தில் இரு வடிவங்களையும் இரு பொருள்களையும் அடிக்குறிப்பாகத் தர வேண்டும். பிரசங்கிகளும் இரக்கத்தைப் பற்றிப் பேசும்போது அந்தக் குளத்தின் நீரையும் சேர்த்துச் சொல்லட்டும்.