வல்லார்பாடத்தில் வழி தவறிய கருவி

ஊர் விட்டு ஊர் சென்று வாழ்வோர்க்கு முதலில் எழும் வினா, ‘இப்போது நாம் இருக்கும் இடம் யாது?’ என்பதே. முன்னாளில் இவ்வினாவைத் தெருமுனைக் கடைக்காரரிடம் கேட்டோம். இந்நாளில் மோட்டார் வண்டிக்குள் பொருத்தப்பட்ட வழிகாட்டும் கருவியிடம் கேட்கிறோம். செயற்கைக்கோளின் துணைகொண்டு இடம் கூறும் அக்கருவியும் தவறுவதுண்டு. அத்தவற்றின் வேர் எங்குள்ளது என்று ஆராய்ந்தால், அது ஒரு வரலாறாகவே விரிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் அலுவல் நிமித்தம் நாம் கொச்சிக்குச் சென்றிருந்தோம். மட்டாஞ்சேரியில் நெடுங்காலமாக வாழும் தமிழன்பர் ஒருவர் தம் பழைய வண்டியில் நம்மை வல்லார்பாடத்திற்கு அழைத்துச் சென்றார். கொச்சிக் கோட்டைத் துறையில் வண்டியோடு ஜங்காரில் ஏறினோம். வண்டிகளை ஏற்றிச் செல்லும் பெரும்படகை அங்கு அவ்வாறே அழைக்கின்றனர். அக்கரையில் வைப்பின் தீவில் இறங்கிச் சிறிது தூரம் ஓடியதும் கருவியின் திரையை நோக்கினோம். நம் வண்டி கடல் நடுவே சென்றுகொண்டிருந்தது!

“ஐயா, நம்மைக் கடலில் இறக்கிவிட்டதே!” என்று அன்பர் நகைத்தார். பின்னர் வல்லார்பாடம் சேர்ந்து, மேலே மறைப்பில்லாத ஒரு வெளியில் வண்டியைச் சில நிமிடங்கள் நிறுத்தி வைத்தார். திரையிலிருந்த குறி தானே நகர்ந்து தீவின்மேல் வந்து நின்றது. ஆனால் சரக்குப் பெட்டக முனையத்திலிருந்து களமசேரி செல்லும் சாலையில் ஏறியதும் குறி மீண்டும் நீருக்குள் இறங்கிவிட்டது. இம்முறை எவ்வளவு நேரம் காத்திருந்தும் பயனில்லை. நோய் ஒன்றன்று, இரண்டு என்பது அப்போதுதான் புலப்பட்டது.

முதல் நோயின் காரணம் வண்டியிலேயே இருந்தது. வண்டிக்குள் பதித்த கருவி வானத்தை மட்டும் நம்புவதில்லை. சக்கரம் எத்தனை முறை சுழன்றது, வண்டி எப்பக்கம் திரும்பியது என்பவற்றையும் கணக்கிட்டுக்கொள்கிறது. வான்குறிகள் கிட்டாத சுரங்கப் பாதையிலும் அது இடம் கூறுவது இக்கணக்கினால்தான். படகிலோ சக்கரம் சுழலவில்லை. வண்டி மட்டும் கரை கடந்துவிட்டது. கருவியின் கணக்கில் நாம் இன்னும் கோட்டைத் துறையிலேயே இருந்தோம்! அங்கிருந்தே அது வழியைக் கூட்டிக்கொண்டு போயிற்று. திறந்த வெளியில் வான்குறிகள் தெளிவாகக் கிட்டியபின் பிழை நீங்கியது. வேறு அளவுள்ள சக்கரப் பட்டைகளை மாட்டினாலும் இக்கணக்கு பிசகும். தூரம் செல்லச் செல்லப் பிசகும் வளரும்.

இரண்டாம் நோயின் காரணம் நிலப்படம். இதனை அறியக் கொச்சியின் வரலாற்றை நோக்க வேண்டும். அங்கு நிலமே நிலையாக இருந்ததில்லை. 1341-ஆம் ஆண்டுப் பெரியாற்று வெள்ளத்தால் கொடுங்கல்லூர்த் துறை தூர்ந்தது. கொச்சியில் புதுவாய் திறந்தது. வண்டல் படிந்து வைப்பின் தீவு உருவாயிற்று. அதனை நினைவுகூரப் ‘புதுவைப்பு’ என்றோர் ஆண்டுக்கணக்கே வழங்கியது. 1524-இல் வல்லார்பாடத்தில் எழுந்த முதல் தேவாலயத்தை 1676-ஆம் ஆண்டு வெள்ளம் அழித்ததென்று அத்திருத்தல வரலாறு கூறும். பின்னர் 1920-இல் கொச்சிக்கு வந்த பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, துறைமுக வாயிலில் இருந்த மணல் திட்டை அறுத்துக் கப்பல்களுக்கு வழி செய்தார். தோண்டிய மண்ணால் வில்லிங்டன் தீவு உருவாயிற்று. படகே கதியென்றிருந்த வல்லார்பாடத்தை 2004-இல் கோஸ்ரீ பாலங்கள் எர்ணாகுளத்தோடு இணைத்தன. 2011 பிப்ரவரியில் பெட்டக முனையம் நாட்டிற்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதற்கெனப் புதுச்சாலையும் எழுந்தது. அன்பரின் வண்டியிலிருந்த படமோ அச்சாலைக்கு மூத்தது. கருவி நம் இடத்தைச் சரியாகவே கூறிற்று. படத்தில்தான் அங்கே நிலம் இல்லை! படத்தைப் புதுப்பித்தல் ஒன்றே அதற்கு மருந்து.

மூன்றாவதொரு நோயும் உண்டு. அதன் கதை நம் தமிழ்நாட்டில் தொடங்குகிறது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்ப்டன் என்பார் சென்னைப் பரங்கிமலைக்கு அருகே சங்கிலி பிடித்து ஏழு மைலுக்கு மேற்பட்ட அடிக்கோடு ஒன்றை அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணம் முக்கோணமாக அளந்து சென்றபோது, சென்னைக்கும் மங்களூருக்கும் இடைப்பட்ட அகலம் பழைய படங்கள் கூறியதைவிட ஏறத்தாழ 40 மைல் குறைவு என்று கண்டார். அவ்வளவு நிலம் ஏட்டில் மட்டுமே இருந்து வந்தது! 1816 முதல் 1820 வரை வார்டு, கானர் என்னும் இருவர் திருவிதாங்கூர், கொச்சி நாடுகளை அளந்தனர்.

இவ்வளவைகளின்மேல் எழுந்த இந்தியப் படங்கள், பூமியின் வடிவை எவரெஸ்ட் 1830-இல் கணித்தவாறு கொண்டன. இன்றைய செயற்கைக்கோள்கள் கொள்ளும் வடிவமோ வேறு. ஆகவே ஒரே அட்சரேகையும் தீர்க்கரேகையும் இரு கணக்குகளில் இரு வேறு இடங்களைச் சுட்டும். தென்னாட்டில் அவ்வேறுபாடு நூறு மீட்டருக்கும் மேற்படும். 2005-ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கை, பொதுமக்களுக்குரிய படங்களை உலகக் கணக்கிலேயே அமைக்க வகை செய்தது. பழைய படத்தைப் புதிய கருவியில் ஏற்றுவோர் இதனை மறத்தலாகாது.

நான்காம் நோய் வானத்தினின்று வருவது. ஏறத்தாழ 20,000 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் அமெரிக்கச் செயற்கைக்கோள்களுள் நான்கின் குறிகளேனும் கிட்டினால்தான் இடமும் உயரமும் நேரமும் ஒருங்கே தெளியும். குறி வந்து சேரும் நேரத்தைக்கொண்டே தூரம் அறியப்படுவதால், நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் தூரக் கணக்கு 300 மீட்டர் பிசகும். நம் நாடு 2013-இல் முதலாவதாக அனுப்பிய வழிகாட்டும் செயற்கைக்கோளின் மூன்று அணுக்கடிகாரங்களும் பழுதுற்றன. அது விண்ணில் சுற்றியும் இடம் காட்டப் பயன்படாது போயிற்று. அதனிடத்தை நிரப்ப 2018-இல் வேறொன்றை ஏவ நேர்ந்தது. பொதுமக்கள் பெறும் குறிகளில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே கலந்துவந்த பிழை 2000 மே மாதத்தில் நீக்கப்பட்டது. எனினும் உயர்ந்த கட்டடங்களிலும் அடுக்கிய இரும்புப் பெட்டகங்களிலும் பட்டுத் தெறித்து வரும் குறிகள் இன்றும் கருவியை ஏமாற்றுகின்றன.

ஆகவே பிழையின் போக்கை நோக்கியே நோயை அறியலாம். செல்லச் செல்லப் பிழை வளருமாயின் சக்கரக் கணக்கை ஐயுறுக. குறி அங்குமிங்கும் தாவுமாயின் வான்குறி தடைப்படுகிறது. திறந்த வெளிக்குச் செல்க. எங்கும் ஒரே திசையில் ஒரே அளவு விலகுமாயின் படத்தின் அடிப்படைக் கணக்கு வேறு. பிற இடங்களில் சரியாயிருந்து, ஒரு சாலையில் மட்டும் பிழைக்குமாயின் படம் பழையது.

இஃது ஏதோ பொழுதுபோக்கு ஆராய்ச்சியன்று. 2023 அக்டோபர் முதல் நாள் நள்ளிரவுக்குப் பின், வல்லார்பாடத்திற்கு வடக்கே கோதுருத்தில், கொட்டும் மழையில் சென்ற கார் ஒன்று ஆற்றில் பாய்ந்தது. இளம் மருத்துவர் இருவர் மாண்டனர். கைபேசிப் படம் காட்டிய வழியே அவர்கள் சென்றதாகச் செய்திகள் கூறின. அன்று பிழைத்தது படமோ, மழையிருளில் மயங்கிய கண்ணோ, நாம் தீர்ப்புக் கூற வேண்டுவதில்லை. திரையில் சாலை தெரிவதனால் எதிரே சாலை இருந்தாக வேண்டும் என்பதில்லை. இதனை மட்டும் நெஞ்சில் இருத்துவோம்.

1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலில் உயரத்திற்கு ஏற்றும்போது லாம்ப்டனின் பெருங்கருவி சுவரில் மோதிப் பழுதுற்றது. அவர் ஆறு வாரம் தனித்திருந்து தம் கையாலேயே அதனைச் செப்பனிட்டார். அதனினும் போற்றத்தக்கது அவருடைய மற்றொரு வழக்கம். கணக்கு சரியென்று தோன்றினாலும், தொலைவில் வேறோர் அடிக்கோட்டை அளந்து ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே அவர் நம்பினார்.

வேற்று மாநிலங்களில் வாழும் நமக்கும் அத்தகைய மற்றோர் அடிக்கோடு வேண்டும். மொழி தெரியாத ஊரில் வாய் திறக்கக் கூசி, நாம் பிறரினும் மிகுதியாகக் கருவியையே நம்பிவிடுகிறோம். அன்று அன்பர் வண்டியை நிறுத்தி, சாலையோரம் வலை உலர்த்திக்கொண்டிருந்த முதியவரிடம், “சேட்டா, எர்ணாகுளத்திற்கு வழி?” என்று கேட்டார். ‘வழி’ என்பது இரு மொழிக்கும் ஒரே சொல். முதியவர் கை நீட்டிய திசையில் சென்றோம். திரை நம்மை நீரில் காட்டிக்கொண்டிருக்க, நாம் நிலத்தின்மேல் ஊர் சேர்ந்தோம்.