பாலாறும் கிணறும் நம் நீச்சலும்

அன்பு மாணவர்களுக்கும் உறவினர்களுக்கும்,

போன வாரம் பேத்தி கேட்டாள்: "தாத்தா, உங்களுக்கு எந்த கோச் நீச்சல் சொல்லிக் கொடுத்தாங்க?" சிரித்துவிட்டேன். அவளுக்குச் சொன்ன பதிலை உங்களுக்கும் எழுதுகிறேன்.

ஆம்பூர்ப் பக்கம் பாலாறு பெரும்பாலும் மணலுக்கு அடியில்தான் ஓடும். அந்த நீர்தான் கரையோரக் கிணறுகளை நிரப்பியது. முதுகில் காய்ந்த சுரைக்குடுக்கை, இடுப்பில் கயிறு. மாமா கிணற்றில் இறக்கிவிடுவார். சில நாளில் குடுக்கை தேவைப்படாது. தண்ணீரில் துப்பினால் அடி விழும். சோப்பு கூடாது. யார் வீட்டுக் குடம் விழுந்தாலும் முங்கி எடுத்துக் கொடுக்க வேண்டும். தண்ணீரின் நிறமோ நாற்றமோ மாறினால் முதலில் தெரிவது எங்களுக்குத்தான். எல்லாக் கிணறும் எல்லாச் சாதிப் பிள்ளைகளுக்கும் திறந்திருக்கவில்லை. அதையும் மறைக்கக் கூடாது.

தோல் பதனிடுவது நமக்குப் புதிதல்ல. முன்பு ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்டார்கள். 1970களில் அரை பதத் தோல் ஏற்றுமதியை அரசு கட்டுப்படுத்தியது. குரோம் முறை பெருகியது. தோல் கெடாமலிருக்கப் போட்ட உப்பும் குரோமியமும் கழிவுநீரோடு மண்ணில் இறங்கின. கிணற்று நீர் கரித்தது. உடம்பு அரிக்கிறது என்று பிள்ளைகளைத் தடுத்தோம்.

வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் உச்ச நீதிமன்றம் சென்றது. தீர்ப்பு 1996 ஆகஸ்ட் 28-இல் வந்தது. சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ பாழானதாக ஓர் ஆய்வு கூறியதை அது குறிப்பிட்டது. மாசுபடுத்தியவரே ஈடு செய்ய வேண்டும் என்பது நாட்டின் சட்டம் என்றது. இதே பிரச்சினையில் 2025 ஜனவரியிலும் அந்த நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது.

உங்களில் பலர் தோல் தொழிற்சாலைச் சம்பளத்தில் படித்தவர்கள். அந்தச் சோற்றை நான் பழிக்கவில்லை. ஆனால் இழப்புக் கணக்கில் நிலம் இருக்கிறது, நீச்சல் இல்லை. தண்ணீரில் இறங்காத தலைமுறை தண்ணீரைக் கவனிக்காது.

2021 நவம்பரில் பாலாறு கரை புரண்டபோது பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தோம். அந்தக் கூட்டத்தில் நீந்தத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள்?

ஒரு வேண்டுகோள். நல்ல தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்து, பெரியவர் ஒருவர் உடனிருக்க, உங்கள் பிள்ளைகளுக்கு, முக்கியமாகப் பெண் பிள்ளைகளுக்கு, நீச்சல் பழக்குங்கள். நீங்கள் எந்தக் கிணற்றில் பழகினீர்கள், அது இன்று எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்